செத்துப்போன வாத்தியார்

ஓய்வுநாளான சனிக்கிழமை காலையில் அவ்வாத் ஆலயத்தில் எழுந்து தீர்க்கதரிசிகளின் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கினால், பெண்கள் பகுதியில் ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்கும் நானே வாயை மூடிக்கொள்வேன். என் வாயை மூடவைப்பது லேசுப்பட்ட காரியமல்ல என்று எங்கள் ஊர் ரோஷ் ஹாயினில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவ்வாத் ஆரஞ்சுத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவர். கை இரண்டும் மண்வெட்டிக் காம்பு மாதிரி காய்த்துப்போயிருக்கும். அந்த உடம்புக்குள்ளிருந்து அப்படி ஒரு குரல் எப்படி வருகிறது என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

ஏமனிலிருந்து குடியேறிய யூதர்களான எங்கள் ஆலயத்தில் ஊருக்காக வாசிப்பதற்கென்று தனி ஆள் கிடையாது. தோரா என்கிற வேதச் சுருளுக்கு முன்னால் அழைக்கப்பட்டவன், அந்த வாரப் பகுதியில் தன் பங்கைத் தானே வாசிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் நாலா பக்கமிருந்தும் கத்தித் திருத்துவார்கள். மாமன் மச்சான் என்ற தாட்சண்யமெல்லாம் அங்கே செல்லாது. எங்கள் ஆண்கள் பேச்சு வந்த கையோடு வாத்தியார் முன்னால் போய் உட்கார்ந்தவர்கள். வாராவாரம் அந்தப் பகுதியை மூலத்தில் இரண்டு தரமும் அரமேய மொழியில் ஒரு தரமும் படித்து முடிக்காமல் ஓய்வுநாள் சாப்பாட்டில் கை வைக்கமாட்டார்கள். படிக்கத் தெரியாத பெண்கள் எங்களில் உண்டு, நானே ஒருத்தி. படிக்கத் தெரியாத ஆணை நான் பார்த்ததில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவ்வாத் சுருள் பக்கம் போகமாட்டார். கூப்பிட்டால், "எனக்கு எதுக்கு, இளவட்டங்களக் கூப்பிடுங்க" என்று ஒதுங்கிவிடுவார். என்ன அடக்கம் என்று நாங்கள் மெச்சிக்கொள்வோம். சுருள் வாசித்து முடிந்தபின், அந்தப் பகுதிக்கு ஏற்ற தீர்க்கதரிசி வாசிப்பு ஒன்று உண்டு. அதை அச்சிட்ட புத்தகத்திலிருந்து ஒருவரே வாசிப்பார். அது மட்டும் அவ்வாதுக்கு.

ஒருமுறை புத்தகம் அவர் முன்னால் தலைகீழாக இருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, தலகீழா வச்சுப் படிக்கிறார்!" என்று மூக்கில் விரலை வைத்தார். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹாரூன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ஏமன்ல ஒரு ஊருக்கே ஒரு புத்தகம்தான் இருக்கும் தம்பி. சுத்தி உக்காந்து படிச்சோம். எங்க ஆளுங்களுக்கு எந்தப் பக்கம் வச்சாலும் படிக்க வரும்."

அது பொய்யில்லை. என் அப்பாவுக்கே புத்தகத்தைப் பக்கவாட்டில் வைத்தால்தான் படிக்க வரும். வந்தவர் தன் ஊரில் போய் அவ்வாதைப் பற்றிச் சொன்னார். எங்கள் தெருவே ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தது.

அவ்வாதின் மனைவி ரூமியா எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர்தான். வியாழக்கிழமை சாயங்காலமானால் அவள் சமையலறை ஜன்னலை அடைத்துவிடுவாள். சுவர் வழியாக முதலில் அவள் குரல் வரும், ராகமில்லாமல், வார்த்தை வார்த்தையாக. பிறகு அதே வரி அவர் குரலில், ராகத்தோடு வரும். அவர் அவளுக்குப் பாடம் எடுக்கிறார் என்று நான் நினைத்தேன். அவள் குடியேறிகள் முகாமிலிருந்த பள்ளிக்கூடத்தில் படித்தவள். மேலே படிக்க ஆசைபோல.

"என்னடி, உன் வீட்டுக்காரர் உன்னப் பண்டிதர் ஆக்காம விடமாட்டார் போல. தாடி எப்ப வளக்கப்போற?" என்று கேட்பேன்.

"நீயும் வா பத்ரா, சேந்து வளப்போம்" என்பாள். அதற்குமேல் அவளிடமிருந்து ஒன்றும் பெயராது.

அவர்களுடைய இரண்டாவது மகள் ஹமாமாவுக்குக் கிரியாத் ஓனோவிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஸாலெம் ஓஸேரி. தலைமுறை தலைமுறையாக வாத்தியார் குடும்பம். அவ்வாதின் வாசிப்பைக் கேள்விப்பட்டுத்தான் பெண் கேட்டு வந்தார்கள். "அழகு இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போகும். வேதம் புழங்குற வீட்டுல பொண்ணு எடுக்கணும்" என்று ஸாலெம் சொல்லிவிட்டுப் போனார். ஒரு ஓய்வுநாளுக்குக் குடும்பத்தோடு வந்து தங்கி, அன்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சம்பந்தம் பேசியதைச் சொல்வதாக ஏற்பாடு. அதைக் கேட்டதிலிருந்து அவ்வாதின் வீட்டு ஜன்னல் வியாழக்கிழமை மட்டுமல்ல, தினமும் அடைந்து கிடந்தது.

அந்த வாரப் பகுதி, கண் மங்கிப்போன ஈசாக்கிடம் யாக்கோபு அண்ணன் வேஷத்தில் போய் ஆசீர்வாதம் வாங்குகிற கதை. அதற்குரிய வாசிப்பு மல்கியா தீர்க்கதரிசி. அதை அவ்வாத் உருப்போட்டு முடித்த நேரத்தில், ஹைஃபாவிலிருக்கும் மூத்த மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று சேதி வந்தது. ரூமியா ஓடினாள். பேரனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினாள். காலில் போட்ட செருப்பைக் கழற்றாமலே, பொழுது சாய்வதற்குள் ஏற்ற வேண்டிய ஓய்வுநாள் விளக்கை ஏற்றினாள்.

காலையில் ஆலயத்தில் ஹாரூனுக்கு ஒரு யோசனை பிறந்தது. எங்கள் வழக்கத்தில் தீர்க்கதரிசி வாசிப்பின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இன்னொருவர் அதை அரமேயத்தில் சொல்ல வேண்டும்.

"பொண்ணோட அப்பா வாசிக்கட்டும், மாப்பிள்ளையோட அப்பா அரமேயம் சொல்லட்டும்" என்றார். "சம்பந்திங்க ரெண்டு பேரும் ஜோடியா நிக்கறதப் பாப்போம்."

இருவரும் மேடையேறினார்கள். ஹாரூன் உரிய பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்தார். அவ்வாத் ஆசீர்வாதத்தைப் பாடினார். பெண்களெல்லாம் எங்கள் பகுதியை மறைக்கும் திரையோரம் நெருங்கினோம். பிறகு அவர் கண்ணைப் புத்தகத்தில் வைத்து, 'உங்கள்மேல் நான் அன்பு வைத்தேன்' என்று தொடங்கும் மல்கியாவின் வரியை எடுத்தார்.

அரமேயம் சொல்ல வாயெடுத்த ஸாலெம் சட்டென்று நிறுத்திக்கொண்டார். மறுநாள் மாதப் பிறப்பு. எங்கள் நாட்காட்டிப்படி மாதப் பிறப்புக்கு முந்தின நாள் ஓய்வுநாளாக வந்தால், அந்த வாரத்துக்குரிய வாசிப்பை விட்டுவிட்டு வேறொன்றை வாசிக்க வேண்டும். யோனத்தான் தாவீதிடம் 'நாளை மாதப் பிறப்பு' என்று சொல்கிற இடம் அது. இதை யாரும் யாருக்கும் நினைவுபடுத்துவதில்லை. சொன்னால், உனக்குத் தெரியாதா என்று இடித்துக் காட்டுவது மாதிரி ஆகிவிடும். அவ்வாதுக்கு மாதாமாதம் நாட்காட்டியைப் பார்த்துச் சொல்கிறவள் ரூமியா. அந்த வாரம் அவளுக்குப் பேரனைத் தவிர வேறு நினைப்பில்லை.

"சம்பந்தி, நாளைக்கு மாசப் பிறப்பு" என்று ஸாலெம் மெல்லச் சொன்னார். விரலால் வரியைக் காட்டினார். "இங்கருந்து வாசிங்க."

அவ்வாத் அந்த விரலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மறுபடியும் மல்கியாவின் அதே வரியைப் பாடினார், முன்னைவிட அழகாக.

"மாசப் பிறப்பு! மாசப் பிறப்பு!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து சத்தம் கிளம்பியது. "பக்கம் சரியாத்தானே இருக்கு, பாத்துப் படிங்க!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எப்போதாவது வருகிற வாசிப்பு அது. முதல் வார்த்தைகள் அவருக்கும் தெரிந்திருந்தன. 'நாளை மாதப் பிறப்பு' என்று சொன்னார். அதற்குமேல் வரவில்லை. ஸாலெமின் விரல் அடுத்த வார்த்தைக்குக் கீழே நகர்ந்து அங்கேயே நின்றது. அவ்வாத் அந்த வார்த்தையைப் பார்த்தபடி இருந்தார். ஆலயத்தில் ஒருவரும் கத்தவில்லை. தப்பாகப் படிக்கிறவனைத் திருத்தலாம். இவரை என்ன சொல்லித் திருத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்குப் பக்கத்தில் ரூமியா கையால் வாயைப் பொத்தியிருந்தாள். கைக்குப் பின்னால் உதடு அசைந்துகொண்டிருந்தது. அந்த வாசிப்பு முழுவதும் அவளுக்குத் தெரியும். நடுவில் ஒரு துணித் திரைதான். ஆனால் அந்தத் திரையைத் தாண்டி ஒரு பெண் குரல் போனது என்று எங்கள் ஊரில் சரித்திரமே இல்லை.

கடைசியில் ஸாலெமே மூலத்தையும் படித்தார், அரமேயத்தையும் படித்தார். ஆசீர்வாதம் சொன்னவர் பாதியில் இறங்கக்கூடாது என்பதால் அவ்வாத் பக்கத்திலேயே நின்றார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஓய்வுநாளில் வண்டி ஏறக்கூடாது. வானத்தில் நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிகிறவரை சம்பந்தி வீட்டார் எங்கே போவார்கள்? அவ்வாதின் வீட்டுக்குத்தான் வந்தார்கள். இரவெல்லாம் அடுப்பில் வெந்த ஜக்னூன் ரொட்டிச் சுருள்களும் துருவின தக்காளியும் மேஜையில் இருந்தன. பரிமாற நானும் போயிருந்தேன். ஒருவரும் தொடவில்லை. ஹமாமா உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி, மனசுல ஒண்ணு வச்சு வெளிய ஒண்ணு பேச எனக்கு வராது" என்று ஸாலெம் ஆரம்பித்தார். "எழுத்து தெரியாதுன்னு புரிஞ்சுபோச்சு. ஆனா இத்தன வருஷமா ஒரு உச்சரிப்பு பிசகாம வாசிச்சிருக்கீங்க. அது காத்துல வந்திருக்காது. யாரோ பக்கத்துல உக்காந்து வரி வரியா சொல்லிக் கொடுத்திருக்கணும். யாரு அது?"

ரூமியா முட்டைத் தட்டோடு வாசற்படியில் வந்து நின்றாள். அவ்வாத் அவளைப் பார்த்தார். பிறகு மேஜை விரிப்பைப் பார்த்தார்.

"ஏமன்ல ஒரு வாத்தியார் இருந்தார்" என்றார்.

"பேரு?"

"செத்துப்போயிட்டார்."

"பேரக் கேட்டேன்."

"ஸுலைமான். செத்துப்போயிட்டார்" என்றார் மறுபடியும், ஒருமுறை செத்தது போதாது என்பதுபோல.

ஸாலெமின் முகம் இளகியது. வாத்தியார் வம்சமல்லவா, இன்னொரு வாத்தியாரின் பெருமை அவருக்குத் தித்தித்தது. "எழுத்தில்லாத பிள்ளைக்கே இவ்வளவு புகட்டியிருக்கார்னா அவர் எப்பேர்ப்பட்ட மனுஷனா இருக்கணும்! அப்படிப்பட்டவர்கிட்டப் படிச்சவர் வீட்டுல பொண்ணு எடுக்கறதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. அந்த ஆத்மா சாந்தியடையட்டும்" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஒன்றும் தெரியாமல் நானும் சொன்னேன்.

ரூமியா தட்டை மேஜையில் வைத்தாள். "முட்ட ஆறிப்போவுது, சாப்பிடுங்க" என்றாள்.

மறுநாள் மாதப் பிறப்பு. அன்று பெண்கள் துணி துவைப்பதில்லை. கொல்லைப்புறத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது ரூமியா எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள். அவ்வாதின் அப்பா ஏமனில் சின்ன வயதிலேயே செத்துப்போனார். அங்கே அநாதைப் பிள்ளைகளை அரசாங்கம் கொண்டுபோய் வேறு மதத்தில் வளர்த்துவிடும் என்று பயந்து, சித்தப்பா அவரை ஊர் ஊராக ஒளித்து வைத்தார். கரி சுமக்கிறவர்களோடு மலையில் திரிந்த பிள்ளை எந்த வாத்தியார் முன்னால் உட்காருவது? இந்த நாட்டுக்கு வந்தபின் முகாம் பள்ளிக்கூடத்தில், தன் இடுப்பு உயரப் பொடிசுகளோடு உட்காரவைத்தார்கள். அதுகள் சிரித்தன. மறுநாள் ஆரஞ்சுத் தோட்டத்துக்கு ஓடியவர்தான். கல்யாணமான புதிதில் ரூமியாவிடம் சொல்லி அழுதாராம். அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் ஜன்னல் அடைந்தது.

"எழுத்து தெரியலன்னு வெக்கப்பட்டார், அது எனக்குப் புரியும்" என்றாள் ரூமியா. "என் பேரச் சொல்ல அதவிட வெக்கமா பத்ரா? என்னக் கொன்னு, தாடி வச்சு, சாந்தி ஜெபமும் பண்ண வச்சுட்டாரே."

தாடியைப் பற்றி அவளைக் கிண்டல் செய்தவள் நான்தான். முக்காட்டு நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை சல்லடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவ்வாத் சமையலறையில் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரூமியா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஜன்னல் திறந்தே இருந்தது.

"ரூமியா, வியாழக்கெழம."

"தெரியும்."

"யாக்கோபு கிணத்தடிக்குப் போற பகுதி."

"போகட்டும்."

"நீ படிச்சாத்தானே எனக்கு..."

"என்ன எதுக்குக் கேக்கறீங்க? உங்க செத்துப்போன வாத்தியாரக் கூப்பிடுங்க."

அவ்வாத் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. புத்தகத்தை மூடினார். மூடின பிறகு அது நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சல்லடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர் ஆலயத்துக்கு வருவது நின்றது. வீட்டிலேயே ஜெபம் செய்துகொண்டார். தெருவில் நடந்தால், "குரல் யாக்கோபோட குரல், கண்ணு மட்டும் ஈசாக்கோட கண்ணு" என்று பஸ் நிறுத்தத்தில் காத் என்கிற போதை இலையை மென்றுகொண்டிருக்கும் வெட்டிக்கூட்டம் முணுமுணுக்கும். "உங்க வீட்டுக் கிழட்டு ஈசாக்குகளுக்கு முதல்ல கஞ்சி ஊத்துங்கடா" என்று நான் கத்துவேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்.

கிரியாத் ஓனோவிலோ கதை வேறு மாதிரி வளர்ந்துகொண்டிருந்தது. ஸாலெம் போகிற இடமெல்லாம் வாத்தியார் ஸுலைமானின் புகழ் பாடினார். அவர் பெயரில் ஆலயத்தில் விளக்குக்கூட ஏற்றிவிட்டாராம். அந்தச் சேதியை மாப்பிள்ளை வந்து சந்தோஷமாகச் சொன்னபோது, அவ்வாத் எழுந்து கொல்லைப்பக்கம் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை. உண்மையைச் சொன்னால் ஸாலெம் தன்னைப் பொய்யன் என்பார், பெண்ணை வேண்டாம் என்றும் சொல்லலாம். சொல்லாவிட்டால் வீட்டில் ஒருத்தி முகம் கொடுத்துப் பேசமாட்டாள். கல்யாண நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின ஓய்வுநாளுக்குச் சம்பந்தி வீட்டார் மறுபடி வந்தார்கள். அன்று பெண்ணின் அப்பாவைச் சுருளுக்கு அழைக்காமல் இருக்க முடியாது. ஹாரூன் தயங்கித் தயங்கித்தான் பெயரைக் கூப்பிட்டார். அவ்வாத் எழுந்தார். வழக்கம்போல இளவட்டங்களைக் கூப்பிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் நேராக மேடைக்குப் போனார்.

"ஹாரூன் அண்ணே, எனக்கு எழுத்து தெரியாது" என்றார். கடைசி வரிசைவரை கேட்கும்படிதான் சொன்னார். "நீங்க ஒவ்வொரு வார்த்தையா சொல்லுங்க, நான் திருப்பிச் சொல்றேன்."

ஹாரூன் சொல்லச் சொல்ல, அந்த ஆகிருதி குனிந்து நின்று ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னது. அன்று குரலில் அழகு ஒன்றும் இல்லை. யாரும் கத்தவில்லை. முடிந்ததும், சுருளுக்கு அழைக்கப்பட்டவரின் வீட்டாருக்காக ஆசீர்வாதம் சொல்ல ஹாரூன் வாயெடுத்தார். அதற்குள் ஸாலெம் இருக்கையிலிருந்து எழுந்தார்.

"மொதல்ல அவரோட வாத்தியாருக்கு ஒரு ஜெபம் சொல்லுங்க. ஏமன்ல இருந்த ஸுலைமான்!"

ஹாரூன் தலையசைத்து, காலமானவர்களுக்குச் சொல்கிற ஜெபத்தைத் தொடங்கினார். அவ்வாத் அவர் சட்டைக் கையைப் பிடித்தார்.

"அது செத்தவங்களுக்குச் சொல்றது அண்ணே."

"ஆமா. அவர் செத்துட்டார்ல?"

"அப்படி ஒருத்தர் இருந்ததே இல்ல. நான் பொய் சொன்னேன்." அவர் ஸாலெமின் பக்கம் பார்க்கவில்லை. "என் வாத்தியார் உசிரோட இருக்காங்க. உசிரோட இருக்கவங்களுக்குச் சொல்ற ஆசீர்வாதத்தச் சொல்லுங்க."

"பேரு?" என்றார் ஹாரூன்.

ஆசீர்வாதத்தில் தாயின் பெயரையும் சேர்த்துச் சொல்வது எங்கள் வழக்கம். அவ்வாத் திரைப்பக்கம் திரும்பினார்.

"ரூமியா. ஸயீதாவோட மக ரூமியா. என் சம்சாரம்."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். பக்கத்திலிருந்தவர் முறைத்ததும் அடங்கினான். ஸாலெம் நின்றபடியே இருந்தார். பிறகு உட்கார்ந்து, ஜெபச் சால்வையை இழுத்துத் தலைக்குமேல் போட்டுக்கொண்டார். அதற்குள்ளே என்ன நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. கல்யாணம் நடந்தது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹாரூன் இரண்டு தரம் தொண்டையைக் கனைத்தார். பிறகு, அவ்வாதின் வாத்தியாரான ரூமியா என்று பெயர் சொல்லி ஆசீர்வதித்தார்.

ரூமியா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை, முழங்கையால் அவளை இடித்தேன்.

"கேட்டியாடி? உன் பேரு! உன் பேரச் சொல்லிட்டாருடி!"

"சும்மா இரு பத்ரா" என்றாள் விரல்களுக்குள்ளிருந்து. "ஆமென் சொல்லு."